கடல் முள்ளெலியைக் கொன்றால் கெல்ப் காடு திரும்புமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் தென்கரையில் கெல்ப் என்ற பெரும் கடற்பாசிக் காடுகளைக் காப்பாற்றுகிறோம் என்று, அதை மேயும் கடல் முள்ளெலிகளை (உடலெங்கும் முள் கொண்ட உருண்டை உயிர்) முக்குளிப்பவர்கள் சுத்தியலால் அடித்து நொறுக்கும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். ஒரு உயிரைக் காக்க இன்னொரு உயிரை அடிப்பது என்ன வகைப் பாதுகாப்பு? மனிதன் கையை எடுத்துவிட்டால் கடல் தானாகத் தேறிக்கொள்ளாதா?

12 நவம்பர் 2023

அந்தக் காணொளியில் சுத்தியலோடு நிற்பது நானாகக்கூட இருக்கலாம். முகமூடியும் கறுப்பு வெட்சூட்டும் போட்டால் எல்லாரும் ஒரே ஆள்தான். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியாத் தீவின் கிழக்குக் கரையில் மூன்று கோடையாக இந்த வேலைக்குப் போகிறேன். அனுமதி வாங்கிய தன்னார்வக் குழுவோடு. ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

தானாகத் தேறாது. கையை எடுக்கச் சொல்கிறீர்கள்; கை எப்போதோ தண்ணீருக்குள் போய்விட்டது. நீள முள் கொண்ட இந்த முள்ளெலியின் பூர்வீகம் வடக்கே நியூ சவுத் வேல்ஸ் கரை. டாஸ்மேனியாவின் கிழக்கில், செயின்ட் ஹெலன்ஸ் பக்கம், அது முதலில் கண்ணில் பட்டது 1978இல். குளிர்காலத்தில், ஆகஸ்ட் வாக்கில்தான் முட்டை விடும். நீர் 12 டிகிரிக்குக் கீழே போனால் அதன் லார்வா தேறாது. முன்பெல்லாம் இங்கே ஆகஸ்ட் மாதத் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வெதுவெதுப்பான நீரை இன்னும் தெற்கே தள்ளத் தொடங்கியது. இந்தக் கடல் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகிறது. யாரும் முள்ளெலியைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து விடவில்லை. கதவு திறந்து கிடந்தது, வந்துவிட்டது.

முதல் தடவை இறங்கியபோது எட்டு மீட்டர் ஆழத்தில் கெல்ப் செடிகள் இடுப்பளவு நின்றன. அலை வரும்போது மொத்தக் காடும் ஒரு பக்கம் சாய்ந்து, அலை போனதும் மறுபக்கம் சாய்ந்தது. கண்ணை அதிலிருந்து எடுக்காவிட்டால் எனக்கே தலை சுற்றியது. சரிவோடு கீழே போனேன். பதினான்கு மீட்டர் வாக்கில் காடு சட்டென்று முடிந்தது, சவரம் செய்த மாதிரி. அதற்குக் கீழே வெறும் பாறை, அதன்மேல் இளஞ்சிவப்பாக ஒரு சுண்ணப்பூச்சு, எங்கு பார்த்தாலும் கறுப்பு முள். நான் அதைப் பொட்டல் என்றுதான் சொல்வேன். மீன் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இரண்டு.

12 நவம்பர் 2023, இரவு

"கெல்ப் செடிகள்" என்று எழுதிவிட்டேன். கெல்ப் செடி அல்ல, பழுப்புப் பாசி. வேர் போலத் தெரிவது வேர் அல்ல, அது பாறையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். உணவும் நீரும் உறிஞ்சுவதில்லை. இதற்காகவே மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். முள்ளெலி செத்ததைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

19 நவம்பர் 2023

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர்: "அப்படியானால் எல்லா முள்ளெலியையும் அடித்துத் தீர்த்துவிடலாமே, எதற்கு இழுத்தடிக்கிறீர்கள்?"

நானும் முதல் கோடையில் இப்படித்தான் இருந்தேன். ஒரு முக்குளிப்பில் இருநூற்றைம்பது அடித்துவிட்டு, படகில் ஏறியதும் எண்ணிக்கையை உரக்கச் சொல்வேன். அது ஒரு போதை. முள் கையுறையைத் துளைத்துக்கொண்டு விரலில் ஒடிந்து நின்றதையும் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். அடுத்த ஆண்டு அதே பாறைக்குப் போனபோது, அடித்த கணக்கில் பாதிக்குமேல் திரும்ப அங்கே இருந்தது. ஆழத்திலிருந்து ஏறி வந்திருக்கிறது. இருபது, முப்பது மீட்டர் ஆழத்திலும் அவை மேய்கின்றன. என் காற்றுக்குடுவை என்னை அங்கே கால் மணி நேரம் வைத்திருந்தால் பெரிது.

அதைவிட மோசமான கணக்கு ஒன்று உண்டு. காடு விழுவதற்கு எவ்வளவு முள்ளெலி வேண்டுமோ, அந்த அளவுக்குக் கீழே கொஞ்சம் குறைத்தால் காடு எழுந்துவிடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் கெல்ப் மறுபடி முளைக்க இடம் கிடைக்கும். காரணம் எளிது. காடு இருக்கும்வரை முள்ளெலி பொந்துக்குள் உட்கார்ந்து, உதிர்ந்து மிதந்து வரும் இலைத் துண்டுகளைத் தின்னும். அந்தத் துண்டு வருவது நின்றதும் வெளியே வந்து நிற்பதையே அறுக்கும். எல்லாம் தீர்ந்த பிறகும் சாகாது. பாறைப்பூச்சைச் சுரண்டிக்கொண்டு, உள்ளே சினை வற்றி, வெறும் ஓடாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அந்தப் பக்கம் ஒரு கெல்ப் தளிர் தலைகாட்டினால் போதும்.

2001, 2002 வாக்கில் இந்தக் கிழக்குக் கரைப் பாறைத்திட்டுகளில் சுமார் 3 விழுக்காடுதான் பொட்டல். 2016, 2017இல் அளந்தபோது 15 விழுக்காடு. நியூ சவுத் வேல்ஸில் கரையோரத் திட்டுகளில் பாதியளவு அப்படித்தான் கிடக்கிறது.

14 ஜனவரி 2024

இந்தக் கோடையில் தண்ணீர் சூடு. செங்கைமீன் செய்தி படித்தீர்களா? கைபோன்ற துடுப்பால் கடலடியில் நடக்கும், உள்ளங்கையில் அடங்கும் சிவப்பு மீன். டாஸ்மேனியாவின் தென்கிழக்கில் இரண்டு சின்னத் திட்டுகளில் மட்டும் இருக்கிறது. வளர்ந்தவை நூறு வாக்கில் இருக்கும் என்று மதிப்பு. கடல் வெப்ப அலைக்குப் பயந்து அவற்றில் 25ஐப் பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உலகத்தில் இருப்பதில் கால்வாசி, ஒரு கட்டடத்துக்குள். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், நவம்பரில் நான் எழுதியதில் ஒரு தவறான தொனி இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த முள்ளெலிதான் வில்லன் என்பதுபோல எழுதினேன். செங்கைமீன் முட்டையிடும் பாசியை மேய்ந்து தீர்த்ததில் பெரும்பங்கு உள்ளூர் முள்ளெலிக்கு. அது எப்போதும் இங்கேயே இருந்த இனம். மெல்பர்ன் பக்கத்து போர்ட் பிலிப் விரிகுடாவிலும் அதே கதை. வந்தது, இருந்தது என்று பிரித்துப் பார்த்தால் கதை சுவையாக இருக்கும், ஆனால் சரியாக இருக்காது. அதை அடக்கி வைத்திருந்தது யார், அவர் எங்கே போனார் என்று கேட்க வேண்டும்.

3 மார்ச் 2024

அவர் பெயர் சிங்கி இறால். அவர் போனது சட்டிக்கு.

டாஸ்மேனியாவில் நீள முள் முள்ளெலியைப் பிடித்து உடைத்துத் தின்னக்கூடியது பெரிய சிங்கி இறால்தான். முதுகு ஓட்டின் நீளம் 140 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். சின்னதின் கால் அந்த முள்ளைத் தாண்டி எட்டாது. பிடிக்கலாம் என்று சட்டம் சொல்லும் குறைந்த அளவோ ஆணுக்கு 110, பெண்ணுக்கு 105. கணக்குப் போட்டுப் பாருங்கள். 110இலிருந்து 140 ஆக வளர்வதற்குள் அது எத்தனை பொறிக்கூடைக்குத் தப்ப வேண்டும்! சட்டம் இறால் இனம் அழியாமல் பார்த்துக்கொள்கிறது, சரி. ஆனால் காட்டுக்குக் காவல் இருந்த அளவு இறாலை மட்டும் பொறுக்கி எடுக்க விடுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், ஆசிரியர்தான் இல்லை என்கிற நிலை.

இறால் பிடிப்பவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர்களில் பலர் என்னைவிட நன்றாக இந்தப் பாறைகளை அறிவார்கள். எந்தப் பாறைத்திட்டு எப்போது மொட்டையானது என்று ஆண்டு சொல்வார்கள்.

மரியா தீவில் 1991இலிருந்து மீன்பிடிக்கக் கூடாத காப்பகம் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் இறாலின் அளவே வேறு. ஒன்று பாறையிடுக்கிலிருந்து என்னை நோக்கி இரண்டடி முன்னால் வந்தது. பின்வாங்கியது நான்தான்.

4 மார்ச் 2024

மரியா தீவுக் காப்பகத்தில் அபலோனி (பாறையில் ஒட்டி வாழும் கடல் நத்தை வகை) குறைந்ததா என்று கேட்டவருக்கு: ஆமாம், குறைந்துவிட்டது. பெரிய இறால் முள்ளெலியை மட்டும்தான் தின்பேன் என்று எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

16 ஜூன் 2024

குளிர். கடல் கலங்கிக் கிடக்கிறது, இரண்டு வாரமாக இறங்கவில்லை. உட்கார்ந்து படித்ததில் ஒன்று என்னைப் புரட்டிப் போட்டுவிட்டது, எழுதிவிடுகிறேன்.

முள்ளெலியைத் தின்னும் கடல் நீர்நாயின் கதை எல்லாருக்கும் தெரியும். தோலுக்காக வேட்டையாடி ஏறக்குறைய தீர்த்தார்கள். 1911இல் பன்னாட்டு ஒப்பந்தம் வந்து வேட்டை நின்றது. பிறகு அலாஸ்காவின் அலூஷியத் தீவுகளில் நீர்நாய் இருக்கும் தீவில் கெல்ப் காடும் இல்லாத தீவில் முள்ளெலியும் இருப்பதை எஸ்டிஸ், பால்மிசானோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் எழுதினார்கள். அதிலிருந்து "நீர்நாய் வந்தால் காடு வரும்" என்பது பாடப்புத்தக வாக்கியம் ஆகிவிட்டது.

கலிபோர்னியாவில் அண்மையில் நடந்தது வேறு. 2013இல் நட்சத்திர மீன்களுக்கு உடல் கரைந்துபோகும் நோய் வந்தது. ஒரு மீட்டர் வரை அகலம், இருபதுக்கு மேல் கைகள் கொண்ட சூரியகாந்தி நட்சத்திர மீன், முள்ளெலியை அப்படியே விழுங்குவது, அந்தக் கரையில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. நோய்க்கு என்ன காரணம் என்று இன்றுவரை தெரியவில்லை. அது போன கையோடு 2014இலிருந்து 2016 வரை கடல் சூடு. வட கலிபோர்னியாவில் 350 கிலோமீட்டர் கரையில் காளைக் கெல்ப் 90 விழுக்காட்டுக்கு மேல் போனது. அபலோனி பட்டினியில் செத்தது. பொழுதுபோக்காக அபலோனி எடுப்பதை 2018இல் மூட வேண்டி வந்தது. அங்கே நீர்நாய் இல்லை.

தெற்கே மான்டரேயில் நீர்நாய் இருக்கிறது. அங்கேயும் முள்ளெலி பெருகியது. நீர்நாயும் கூடுதலாக முள்ளெலி தின்றது. ஆனால் எங்கே தின்றது என்று பின்தொடர்ந்து பார்த்தால், மிச்சமிருந்த காட்டுத் துண்டுகளில். பொட்டலில் கிடந்ததைத் தொடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத வெற்று ஓட்டை உடைப்பானேன்?

இதைப் படித்ததும் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். டாஸ்மேனியாவில் பெரிய இறாலைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுச் செய்த ஆய்விலும் இதே சாயல்தான். பொட்டல் சின்னத் திட்டாகத் தொடங்கும் இடத்தில் இறாலால் அதை அடக்க முடிகிறது. பரந்து கிடக்கும் பொட்டலை அது திருப்பவில்லை. மூன்றாவதாக, சினைக்காக முள்ளெலி எடுக்கும் தொழில்முறை முக்குளிப்பவர்கள். இங்கே அவர்களுக்கு அரசு மானியம்கூட உண்டு. அவர்களுக்கு வேண்டியது கொழுத்த சினை. அது காட்டோரத்தில் மேய்வதிடம்தான் இருக்கும். பொட்டலில் இறங்கினால் டீசல் காசுகூடத் தேறாது.

நீர்நாய், இறால், வியாபாரி, மூவருக்கும் ஒரே கணக்கு. நிற்கும் காட்டின் விளிம்பைத்தான் காப்பார்கள். செத்த இடத்துக்கு யாரும் போக மாட்டார்கள். அங்கே போகிற ஒரே பைத்தியம் சுத்தியல்காரன்.

அதனால் நவம்பரில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். என் முக்குளிப்பை நான் தப்பான இடத்தில் செலவழித்துக்கொண்டிருக்கிறேன். பொட்டலின் நடுவில் இருநூற்றைம்பது அடிப்பதைவிட, காட்டுக்குள் மேசையளவு மொட்டை விழுந்த இடத்தைத் தேடி இருபது எடுப்பது மேல். கணக்குச் சொல்ல நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

2 ஜூலை 2024

ஒருவர் நியூசிலாந்தின் லீ காப்பகத்தைக் காட்டி, "அங்கே பொட்டலே காடாயிற்றே, உங்கள் கொள்கை என்ன ஆயிற்று" என்று மடக்கியிருக்கிறார். நியாயம். 1975இல் அறிவித்த, சுமார் 5 சதுர கிலோமீட்டர்தான் உள்ள சின்னக் காப்பகம். மீன்பிடியை முழுக்க நிறுத்தினார்கள். ஸ்னாப்பர் மீனும் இறாலும் பெருகின, அங்கத்து முள்ளெலி குறைந்தது, கெல்ப் திரும்பியது. சுத்தியல் இல்லை, தொட்டி இல்லை.

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒன்று, அதற்கு இருபது ஆண்டுக்குமேல் பிடித்தது. இரண்டு, அங்கத்து முள்ளெலிக்கு முள் குட்டை. ஸ்னாப்பராலேயே உடைக்க முடியும். இங்கே அந்த வேலைக்கு 140 மில்லிமீட்டர் இறால் வேண்டும். மூன்றாவதும் ஒன்று இருக்கிறது, சொல்ல வருத்தமாக இருக்கிறது: அந்தக் காப்பகத்தில் இப்போது இறால் குறைந்துவிட்டது. எல்லைக்கோடு இறாலுக்குத் தெரியாது. மேயப் போகும்போது கோட்டைத் தாண்டும். கோட்டுக்கு வெளியே கூடைகள் வரிசையாக இருக்கும். 5 சதுர கிலோமீட்டர் போதாது என்று அதற்கே தெரிந்திருக்கிறது.

ஆக, "பொட்டல் திரும்பாது" என்று நான் சொன்னது கொஞ்சம் மிகை. திரும்பும். பிள்ளை பிறந்து கல்லூரிக்குப் போகும் வரை பொறுத்தால்.

24 நவம்பர் 2024

எல்லாவற்றையும் முள்ளெலி தலையில் கட்டுகிறேன் என்ற குற்றச்சாட்டு. ஓரளவு உண்மை, கையில் சுத்தியல் இருந்தவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

சிட்னியில் முள்ளெலி குற்றவாளி அல்ல. 70 கிலோமீட்டர் கரையில் கிரேவீட் என்ற பெரும்பாசி 1980களில் காணாமல் போனது. சாக்கடைக் கழிவுதான் காரணமாக இருக்க வேண்டும். கழிவைக் கடலின் ஆழத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளிந்தபிறகும் அது தானாக வரவில்லை. விதைக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லையே. வேறு இடத்திலிருந்து வளர்ந்தவற்றைக் கொண்டுவந்து பாறையில் வலையோடு கட்டினார்கள். அவை குஞ்சு பொரித்தன (பாசிக்கு இந்தச் சொல் சரியில்லைதான், விடுங்கள்), இப்போது பல இடங்களில் தானாகவே பரவுகிறது. இங்கிலாந்தில் சசெக்ஸ் கரையில் 96 விழுக்காடு போயிற்று. புயலும் இழுவலையும் சேர்ந்து. 2021இல் 300 சதுர கிலோமீட்டருக்கு மேல் கரையோர இழுவலையைத் தடை செய்தார்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011 வெப்ப அலையில் கால்பாரி பக்கம் நூறு கிலோமீட்டர் கெல்ப் காடு அழிந்தது. அங்கே நீரோட்டத்தோடு வந்த வெப்பக்கடல் மீன்கள் தளிரை மேய்கின்றன. இறால் விட்டாலும் சுத்தியல் எடுத்தாலும் என்ன செய்ய முடியும்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. கரியமில வாயுவைத் தவிர அடிக்க வேறு எதுவும் அங்கே இல்லை.

இங்கேயே ராட்சத கெல்ப்பின் கதையும் அதுதான். முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்பு வரை எழும் காடு. 1960களில் ட்ரையாபன்னாவில் அதை அறுத்துப் பதப்படுத்த ஓர் ஆலையே இருந்தது, அவ்வளவு கெல்ப். இன்று 95 விழுக்காடு இல்லை. அறுத்ததால் அல்ல, வெப்பமும் சத்துக் குறைந்த தண்ணீரும். 2012இல் நாட்டின் அழியும் நிலை உயிரினச் சமூகங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது வெப்பம் தாங்கும் வகைகளைத் தேர்ந்து கயிற்றில் வளர்த்து நட்டுப் பார்க்கிறார்கள். நட்ட இடத்தில் ஒருமுறை மேலே இருந்து எட்டிப் பார்த்தேன். பிரியமாக இருந்தது. ஆனால் ஒரு காட்டை நாற்றங்காலில் பார்ப்பதும் அந்த மீனைத் தொட்டியில் பார்ப்பதும் எனக்கு ஒரே மாதிரி இருக்கிறது.

10 ஆகஸ்ட் 2025

திருத்தம். ஜூன் 2024இல் நட்சத்திர மீன் நோய்க்குக் காரணம் தெரியவில்லை என்றேன். இந்த மாதம் தெரிந்துவிட்டது: விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா. காலராக் கிருமியின் உறவு. பன்னிரண்டு ஆண்டுத் தேடல். இனி நோயில்லாத மீனைச் சோதித்து வளர்க்கலாம், விடலாம். விட்டாலும் வெற்று ஓட்டைத் தின்னுமா என்று உடனே கேட்காதீர்கள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

30 நவம்பர் 2025

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, "இன்னும் அடிக்கிறீர்களா" என்று கேட்டிருக்கிறார்.

குறைத்துவிட்டேன். இப்போது பெரும்பாலும் 50 மீட்டர் நாடாவோடு எண்ணத்தான் போகிறேன். நாடாவை விரித்து, அதன் இருபுறமும் மீன், முள்ளெலி, இறால், கெல்ப் எல்லாவற்றையும் குறிப்பது. அலுப்பான வேலை, பென்சில் முனை ஒடியும், விரல் மரத்துப்போகும். ஆனால் மேசையளவு மொட்டை கதவளவு ஆனது எந்த ஆண்டு என்று அதில்தான் தெரியும். முள்ளெலி எடுக்கும் கொக்கி இடுப்பில் இருக்கும். திறந்த பாறையில் மேய்வது ஏழெட்டு சேர்ந்திருந்தால் எடுப்பேன்.

நேற்று போனது, முதல் கோடையில் இறங்கிய அதே இடம். பதினொரு மீட்டர், கெல்ப் அடர்த்தி. ஒரு பிளவுக்குள் விளக்கை அடித்தால் மூன்று நீள முள்காரர்கள். ஒன்றின் முள்ளில் உதிர்ந்த கெல்ப் துண்டு மாட்டியிருந்தது, மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பலகையில் "பிளவு, 3" என்று எழுதிக்கொண்டு நாடாவோடு நகர்ந்தேன்.